எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சிக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நியூயார்க் பக்கம் குடியிருக்கிறோம் என்று தெரிந்தால் போதும், ஊர் சுற்றிப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள், அவர்களுடைய நண்பர்கள், நண்பர்களின் சம்பந்தி வரைக்கும் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் பற்றி நம்மிடம்தான் கேட்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். தொடக்கத்தில் இருப்பவை முதல்முறை போகிறவர்களுக்கு. கீழே போகப்போக, அந்த உச்சிக் கூம்புக்குள் என்னதான் இருக்கிறது என்று குடைந்து கேட்டவர்களுக்கு.

கட்டடம் எங்கே இருக்கு? எந்த வாசல்ல நுழையணும்?

மன்ஹாட்டன் நடுவில், ஐந்தாம் அவென்யூவில், 33ஆம் தெருவுக்கும் 34ஆம் தெருவுக்கும் இடையில். சுரங்க ரயிலில் வந்தால் 34ஆம் தெரு ஹெரால்ட் ஸ்கொயர் நிலையத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் போதும். பென் ஸ்டேஷனிலிருந்தும் நடந்தே வரலாம்.

ஐந்தாம் அவென்யூ பக்கம் இருக்கிற பெரிய வாசல்தான் படங்களில் வரும். பார்வையாளர்களுக்கான வாசல் அதுவல்ல, 34ஆம் தெருப் பக்கம் இருக்கிறது. 2018இலிருந்து இப்படித்தான். வெளியே நடைபாதையில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு டிக்கெட் வேண்டுமா என்று வழிமறிப்பவர்களிடம் நின்று பேசாதீர்கள். நேராக உள்ளே போங்கள்.

மேலே எந்த மாடி வரைக்கும் விடுவாங்க? ஒருத்தர் 86ன்னு சொல்றார், இன்னொருத்தர் 102ன்னு சொல்றார், யூடியூப்ல 103ன்னு வருது.

மூன்றும் உண்மை. குழப்பம் எல்லாம் இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

86ஆம் மாடி என்பது நாலு பக்கமும் சுற்றி வரக்கூடிய திறந்தவெளி. தரையிலிருந்து சுமார் 320 மீட்டர் உயரம். சினிமாவில் காதலர்கள் சந்திக்கிற இடம் எல்லாம் இதுதான். சாதாரண டிக்கெட் இதற்குத்தான். 102ஆம் மாடி அதற்கு மேலே, 381 மீட்டர் உயரத்தில், கண்ணாடி அடைத்த ஒரு சிறிய வட்ட அறை. அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். 103ஆம் மாடி பொதுமக்களுக்குக் கிடையாது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

போகிற வழியில் இரண்டாம் மாடியில் கட்டடத்தின் வரலாற்றைச் சொல்லும் ஒரு காட்சிக்கூடமும், 80ஆம் மாடியில் கண்ணாடி வழியாகப் பார்க்கிற ஒரு தளமும் வரும். இவை எல்லா டிக்கெட்டிலும் அடக்கம்.

டிக்கெட் எவ்வளவு?

86ஆம் மாடிக்குப் பெரியவர் ஒருவருக்கு 40 டாலருக்கு மேல். 102ஐயும் சேர்த்தால் 80 டாலர் சுமாருக்குப் போய்விடும். நாள், நேரம் பார்த்து விலை மாறும். சூரியன் மறையும் நேரத்துக்குக் கூடுதல். கைக்குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம். போகிற நாளும் மணியும் குறித்துத்தான் விற்பார்கள் என்பதால் இணையத்தில் முன்பே வாங்கிவிடுவது நல்லது.

வரிசையில் நிற்காமல் போக ‘எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு விலை உயர்ந்த டிக்கெட்டும் இருக்கிறது. வாரநாளில் காலையில் போகிறவர்களுக்கு அது தண்டச் செலவு.

எப்போ போனா நல்லா இருக்கும்? பகலா, ராத்திரியா?

கூட்டம் வேண்டாம் என்றால் திறந்தவுடன் போங்கள். விளக்கொளி பார்க்க வேண்டும் என்றால் இரவு. கட்டடம் பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டி வரைக்கும் திறந்திருக்கும், பருவத்துக்குப் பருவம் நேரம் மாறும். இரண்டும் வேண்டும் என்றால் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மேலே இருக்க வேண்டும். ஆனால் எல்லாரும் அதையேதான் நினைப்பார்கள். மேற்குப் பக்கத் தடுப்பில் நாலு வரிசை ஆள் நிற்கும், உங்களுக்கு முன்னால் நிற்பவரின் செல்போன் திரைதான் நன்றாகத் தெரியும். என்னைக் கேட்டால், இருட்டி ஒரு மணி நேரம் கழித்துப் போவதுதான் சுகம்.

நேரத்தைவிட முக்கியம் வானம். புறப்படும் முன் தெருவில் நின்று நிமிர்ந்து கட்டடத்தின் முனையைப் பாருங்கள். மேகத்துக்குள் ஒளிந்திருந்தால் மேலிருந்தும் வெள்ளையைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஏறிய பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது.

லிஃப்ட்ல எவ்வளவு நேரம் ஆகும்? காது அடைக்குமா?

80ஆம் மாடி வரை ஒரே லிஃப்ட், ஒரு நிமிடத்துக்குள். கூரையில் ஓடுகிற படத்தைப் பார்ப்பதற்குள் வந்துவிடும். அங்கிருந்து 86க்கு இன்னொரு லிஃப்ட், 102க்கு மூன்றாவது. மூன்றாவதுக்குக் கண்ணாடிச் சுவர். அதில் ஏறும்போது கூம்பின் உட்புறம் தெரியும்.

காது அடைக்கும். 320 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய நாலு சதவீதம் குறைகிறது. அதை ஒரு நிமிடத்தில் கடப்பதால்தான் காது உணர்கிறது. எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ சரியாகிவிடும். கைக்குழந்தைக்குப் பால் புட்டியைக் கொடுத்துவிடுங்கள்.

படி ஏறியே போக விடுவாங்களா?

தெருவிலிருந்து விட மாட்டார்கள். 80இலிருந்து 86 வரைக்கும் லிஃப்டுக்குக் காத்திருக்கப் பிடிக்காதவர்களைப் படியில் விடுவதுண்டு. கூட்ட நாளில் அது நல்ல யோசனை, ஆறு மாடிதான்.

முழுதாக ஏறுவது ஒரு போட்டி. 1978இலிருந்து நடக்கிறது. 86ஆம் மாடிக்கு 1,576 படிகள். ஆஸ்திரேலியாவின் பால் கிரேக் 2003இல் 9 நிமிடம் 33 நொடியில் ஏறினார். அதாவது நொடிக்கு இரண்டரைப் படிக்கும் மேல், மூச்சு வாங்க நிற்காமல்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமாக. சக்கர நாற்காலியிலேயே மேலே வரை போகலாம். 86இல் திறந்தவெளிக்குச் சாய்தளம் இருக்கிறது. உட்கார்ந்தபடியே பார்க்கிற மாதிரி சில இடங்களில் சுவரைத் தாழ்த்தியும் இருக்கிறார்கள். கஷ்டம் வேறு இடத்தில்: பாதுகாப்புச் சோதனை, லிஃப்ட் வரிசை, இறங்கும் வரிசை என்று நின்றுகொண்டே இருக்க வேண்டும். நாற்காலி தேவையில்லை என்று பெரியவர்கள் வீம்பு பிடிப்பார்கள். கேட்காதீர்கள், எடுத்துக்கொண்டு போங்கள்.

பையில என்னெல்லாம் கொண்டு போகக் கூடாது?

விமான நிலையம் மாதிரி எக்ஸ்ரே சோதனை இருக்கும். கண்ணாடிப் பாட்டில், கேமரா முக்காலி, பெரிய பெட்டி மூன்றும் கூடாது. வைத்துவிட்டுப் போக லாக்கர் இல்லை என்பதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே வர நினைக்காதீர்கள்.

எனக்கு உயரம்னாலே பயம். மயக்கம் போட்டுடுவேனோன்னு இருக்கு.

86ஆம் மாடியில் பயம் குறைவு என்றுதான் உயரத்துக்கு அஞ்சுகிறவர்கள் பலரும் சொல்கிறார்கள். காரணம் இருக்கிறது. மார்பளவு கற்சுவர், அதன்மேல் உள்பக்கம் வளைந்த உயரமான கம்பித் தடுப்பு. இந்தத் தடுப்பு 1947இல் வைத்தது. சுவரை ஒட்டிப் போனால்தான் கீழே பார்க்க முடியும், இரண்டடி பின்னால் நின்றால் தூரத்து நகரம் மட்டும்தான் தெரியும். கண்ணாடித் தரை இங்கே கிடையாது.

102 அப்படியல்ல. 2019இல் அதைப் புதுப்பித்து, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வைத்துவிட்டார்கள். காலடியில் விளிம்பு தெரியும். பயப்படுகிறவர் அங்கே அறையின் நடுவில் நிற்கலாம், ஆனால் அதற்கா அவ்வளவு பணம்?

மேலே குளிருமா?

320 மீட்டர் ஏறினால் வெப்பம் இரண்டு டிகிரி போல்தான் குறையும். குளிர வைப்பது காற்று. கீழே தெருவில் இலை அசையாத நாளிலும் மேலே துப்பட்டா பறக்கும். கோடையிலும் ஒரு மெல்லிய மேல்சட்டை வைத்துக்கொள்ளுங்கள். தொப்பியைப் பைக்குள் போடுங்கள்.

ஒரு வேடிக்கையும் உண்டு. கட்டடத்தின் முகத்தில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்புகிறது. அதனால் சில நாட்களில் பனித்துகள் கீழேயிருந்து மேலே போவது மாதிரி தெரியும். கண் கோளாறு இல்லை. இந்த மேல்காற்று பின்னால் இரண்டு பதில்களில் திரும்ப வரும், நினைவில் வையுங்கள்.

காத்து அடிச்சா கட்டடம் ஆடுமா?

எல்லா உயர்ந்த கட்டடமும் கொஞ்சம் அசையும். இது மிகக் குறைவாக அசைகிற ரகம். பலத்த புயல் காற்றிலும் ஓரிரண்டு அங்குலக் கணக்குதான். 1930களின் கட்டுமானம்: நெருக்கமான எஃகுச் சட்டம், அதைச் சுற்றிச் செங்கல்லும் சுண்ணாம்புக் கல்லும். எடை 3,65,000 டன் என்கிறார்கள். இதே மன்ஹாட்டனில் இப்போது எழும்பியிருக்கும் ஒல்லியான புது கோபுரங்கள் இதைவிட அதிகம் அசையும். அதைத் தணிக்க உச்சியில் பல நூறு டன் எடையைத் தொங்கவிடுகிறார்கள். இங்கே அப்படி எதுவும் தேவைப்படவில்லை.

இடி மின்னல் சமயத்துல உள்ளே மாட்டிக்கிட்டா?

ஆண்டுக்கு இருபது, இருபத்தைந்து முறை மின்னல் இந்தக் கட்டடத்தில் இறங்குகிறது. உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. உச்சியில் உள்ள ஆன்டெனாவும் எஃகுச் சட்டமும் மின்சாரத்தை வாங்கி நேரே நிலத்துக்குக் கொண்டுபோய்விடும். ‘ஒரே இடத்தில் மின்னல் இரண்டு முறை விழாது’ என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கட்டடமே பதில்.

இடி வருகிற மாதிரி இருந்தால் 86இன் திறந்தவெளியை மூடி எல்லாரையும் உள்ளே அழைத்துவிடுவார்கள். அந்த நாளில் டிக்கெட் வைத்திருந்தால் கண்ணாடிக்குள்ளிருந்து பார்ப்பதோடு சரி.

மேலேயிருந்து ஒரு காசைப் போட்டா கீழே போறவன் மண்டையைத் துளைச்சிடுமாமே?

துளைக்காது. காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால் 320 மீட்டரிலிருந்து விழும் பொருள் மணிக்கு 285 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். ஆனால் காசு மெல்லியது, தட்டையானது, புரண்டு புரண்டு விழும். காற்றின் தடை அதன் வேகத்தை மணிக்கு 50 முதல் 80 கிலோமீட்டருக்குள் கட்டிவிடும். பட்டால் சுரீர் என்றிருக்கும், அவ்வளவுதான். அதற்கு முன், தெருவரைக்கும் போவதே சந்தேகம். கட்டடம் படிப்படியாக உள்வாங்கி எழும்பியிருப்பதாலும் மேலே சொன்ன மேல்காற்றாலும், போட்ட காசு கீழேயுள்ள மாடி விளிம்புகளில் விழுந்துவிடும்.

இது காசுக்கு மட்டும். செல்போன், பேனா, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் ஆளைக் கொல்லும். எதையும் போடுவது குற்றம். கேட்டது ஒரு பத்து வயதுப் பையன் என்பதால் இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஆறு மாநிலம் தெரியும்னு சொல்றாங்களே, நிஜமா?

தெளிவான நாளில் 80 மைல், அதாவது கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர் தெரியும் என்பது பழைய விளம்பரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். 86ஆம் மாடிக்கு 64 கிலோமீட்டர். 102க்கு 70. சமதரையில் இதற்கு அப்பால் உள்ளது பூமியின் வளைவுக்குப் பின்னால் போய்விடுகிறது. அதைத் தாண்டித் தெரிய வேண்டுமானால் அங்கே மலை இருக்க வேண்டும். தூரத்து மாநிலங்கள் ‘தெரிகிறது’ என்பதெல்லாம் மங்கலான மலை விளிம்புகளை வைத்துச் சொல்வதுதான்.

நடைமுறையில், மேற்கே ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூஜெர்சி நன்றாகத் தெரியும். நீங்கள் நிற்பது நியூயார்க். கனெக்டிகட் பக்கம் நல்ல நாளில். மீதியை விளம்பரத்துக்கு விட்டுவிடுங்கள். தெற்கே சுதந்திர தேவி சிலை, வடகிழக்கே கிரைஸ்லர் கட்டடத்தின் பளபள கிரீடம் இரண்டையும் தேடிப் பாருங்கள். கிரைஸ்லரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

102க்குக் கூடுதலா கொடுக்கிறது வொர்த்தா?

காட்சிக்காக என்றால் இல்லை. மேலே போட்ட கணக்கின்படி தொடுவானம் ஆறு கிலோமீட்டர்தான் தள்ளிப் போகிறது. கண்ணாடி வழியாகப் பார்க்கிறோம், இரவில் கண்ணாடியில் நம் முகமே தெரியும், காற்று கிடையாது. 86இன் அழகே அந்தக் காற்றும், கீழிருந்து மெலிதாக வந்து சேரும் டாக்ஸி ஹார்ன் சத்தமும்தான்.

ஆனால் அந்தக் கூம்புக்குள் போய்வர ஆசை என்றால் கொடுக்கலாம். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு விசித்திரமான இடம் அது. ஏன் என்பது அடுத்த சில பதில்களில்.

86க்கும் 102க்கும் நடுவுல பதினஞ்சு மாடி இருக்குமே, அங்கே என்ன ஆபீஸ்?

ஒன்றும் இல்லை. ஆபீஸ் எல்லாம் 85ஆம் மாடியோடு முடிந்தது. 86க்கு மேலே இருப்பது 200 அடி, அதாவது 61 மீட்டர் உயரமுள்ள ஒரு குழல். உள்ளே லிஃப்ட், படி, குழாய், கம்பி. வெளியே நாலு மூலையிலும் இறக்கை மாதிரி உலோக வேலைப்பாடு. அதன் உயரத்தை மாடியாகக் கணக்கிட்டால் பதினாறு வரும் என்பதால் 102 என்ற எண் வந்தது. குடியிருக்கத் தகுந்த மாடிகளை மட்டும் எண்ணினால் இது 86 மாடிக் கட்டடம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, நான் என்ன செய்ய.

ஆகாயக் கப்பலைக் கொண்டுவந்து கட்டிவைக்கத்தான் அந்தக் கூம்பை எழுப்பினாங்கன்னு படிச்சேன். கதையா, உண்மையா?

ஆகாயக் கப்பல் என்றால் வாயு நிரப்பிப் பறக்கிற பெரிய பலூன் கப்பல். அறிவித்தது உண்மை. நடந்தது வேறு. 1929இல் கிரைஸ்லர் கட்டடத்துக்கும் இன்னொரு கட்டடத்துக்கும் உலகிலேயே உயரமானது யார் என்று போட்டி. கிரைஸ்லர்காரர்கள் ஓர் எஃகு முனையைக் கட்டடத்துக்குள்ளேயே ரகசியமாகப் பூட்டி, அந்த அக்டோபரில் திடீரென்று வெளியே ஏற்றி 319 மீட்டரைத் தொட்டுவிட்டார்கள். எம்பயர் ஸ்டேட்டின் அப்போதைய திட்டம் 320 மீட்டர். நாலடிதான் வித்தியாசம். மறுபடியும் எதையாவது ஏற்றிவிட்டால்? பணம் போட்ட ஜான் ராஸ்கோப்புக்கு அந்தக் கவலை. முன்னாள் ஆளுநர் ஆல் ஸ்மித் கட்டடத்தின் முகமாக இருந்தார். மேலே 200 அடி உயரத்தில் ஆகாயக் கப்பல்களைக் கட்டிவைக்கும் தூண் வரப்போகிறது என்று அந்த டிசம்பரில் அவர் அறிவித்தார். ஐரோப்பாவிலிருந்து வரும் பயணிகள் 102ஆம் மாடியில் பலகை வழியாக இறங்கி, லிஃப்ட் பிடித்துச் சில நிமிடத்தில் ஐந்தாம் அவென்யூவில் நிற்பார்களாம்.

யோசித்துப் பாருங்கள். 200 மீட்டருக்கும் மேல் நீளமான, வாயு நிரப்பிய பை. அதன் மூக்கை மட்டும் ஒரு முனையில் கட்டினால் வால் காற்றுக்கேற்பச் சுழலும். தரையில் கட்டும்போது வாலையும் பிடிக்க ஆள் இருப்பார்கள், இங்கே யார் பிடிப்பது? நான் முன்பு சொன்ன மேல்காற்று வேறு. சமநிலைக்காகக் கப்பல் தண்ணீரை இறக்கினால் அது 34ஆம் தெருவில் போகிறவர்கள் தலையில் விழும். இந்த ஊசலாட்டத்தில் பெட்டியும் கையுமாகப் பயணிகள் திறந்த பலகையில் நடந்து வர வேண்டும்.

கட்டடம் 1931 மே 1ஆம் தேதி திறந்தது. அந்த செப்டம்பரில் ஒரு சிறிய ஆகாயக் கப்பல் மணிக்கு 64 கிலோமீட்டர் காற்றில் போராடி, கயிற்றால் மூன்று நிமிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு இன்னொன்று கயிறு கட்டி ஒரு செய்தித்தாள் கட்டை இறக்கிவிட்டுப் போனது. ஒரு பயணிகூட அங்கே இறங்கவில்லை. பெரிய கப்பல் ஒன்று கூம்பில் கட்டியிருக்கிற மாதிரி இணையத்தில் சுற்றும் படம் ஒட்டுவேலை. ஆக, உயரத்துக்காகக் கட்டியதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அகப்பட்ட காரணம் ஆகாயக் கப்பல். என் எண்ணம் இது, பலருடைய எண்ணமும் இதுதான். போட்டியில் என்னவோ ஜெயித்தார்கள்: உலகின் மிக உயரமான கட்டடம் என்ற பெயர் 1970 வரை இவர்களிடமே இருந்தது.

103ஆம் மாடிக்கு நடிகர்கள் மட்டும் போய் போட்டோ போடறாங்களே, நாம பணம் கட்டினா விடுவாங்களா?

விட மாட்டார்கள். 102இலிருந்து குறுகலான படி ஏறி, ஒரு சிறிய கதவைத் திறந்தால் கூம்பைச் சுற்றி ஓர் ஆள் நிற்கிற அகலத்தில் வளையம் மாதிரி ஓர் உப்பரிகை. கைப்பிடிச் சுவர் முழங்கால் அளவுதான். கம்பித் தடுப்பு கிடையாது. ஆகாயக் கப்பல் பயணிகள் இறங்கி வருவதற்கு நினைத்த மட்டம் கிட்டத்தட்ட இதுதான். படங்களில் பிரபலங்கள் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கத்தில் கட்டட ஊழியர்கள் இருப்பது படத்தில் விழுவதில்லை.

அதுக்கும் மேலே நீட்டிக்கிட்டு இருக்கே, அது என்ன? அதுக்குள்ளே ஆள் போக முடியுமா?

அது ஆன்டெனா. முனை வரை சேர்த்தால் மொத்த உயரம் 443 மீட்டர். ஆகாயக் கப்பலுக்கு உதவாத கூம்பு ஒலிபரப்புக்கு உதவியது. திறந்த 1931ஆம் ஆண்டிலேயே அங்கிருந்து சோதனைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் எஃப்.எம். வானொலியைச் சோதித்துப் பார்த்ததும் 1934இல் இங்கேயிருந்துதான். இப்போதுள்ள மாதிரி நீண்ட ஆன்டெனாக் கோபுரம் 1950களின் தொடக்கத்தில் வந்தது. பழைய படங்களில் 102ஆம் மாடிக்கு வெளியே மேலும் கீழும் கம்பு கம்பாகச் சுற்றி நீட்டியிருப்பதைப் பார்த்தால் அது 1965இல் வைத்த எஃப்.எம். ஆன்டெனா. பல நிலையங்கள் ஒன்றையே பகிர்ந்துகொள்கிற மாதிரி செய்தார்கள். 2001இல் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் விழுந்து அங்கிருந்த ஆன்டெனா போனபோது, பல தொலைக்காட்சி நிலையங்கள் இந்த உச்சியைத்தான் நம்பி வந்தன.

ஆள் போவார்கள், ஏணியில். விளக்கு மாற்றவும் பழுது பார்க்கவும் போகிற தொழிலாளர்கள் மட்டும். உயரம் அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. அலைபரப்பிகளின் சக்தி உடம்பைச் சுட்டுவிடும் என்பதால், ஏறும் முன் அந்தந்த நிலையங்கள் சக்தியைக் குறைக்க வேண்டும், அல்லது வேறு ஆன்டெனாவுக்கு மாற்ற வேண்டும். பார்வையாளர் நிற்கும் இடங்களில் அந்தக் கவலை இல்லை.

இதுல விமானம் மோதிச்சாமே? அப்போ மேலே ஆள் இருந்தாங்களா?

இருந்தார்கள். 1945 ஜூலை 28, சனிக்கிழமை காலை, கடும் மூடுபனி. நியூவார்க் நோக்கிப் போன பி-25 ராணுவ விமானம் வழி தவறி, வடக்குப் பக்கம் 79ஆம் மாடியை ஒட்டி மோதியது. 14 பேர் இறந்தார்கள். அவர்களில் மூவர் விமானத்தில் இருந்தவர்கள். 86இல் நின்றிருந்த பார்வையாளர்கள் பிழைத்து இறங்கினார்கள்.

லிஃப்ட் இயக்கிய ஓர் இளம்பெண் மோதலில் காயப்பட்டார். அவரைக் கீழே அனுப்ப இன்னொரு லிஃப்டில் ஏற்றியபோது, சேதமான கம்பிவடம் அறுந்து அந்த லிஃப்ட் 75 மாடி விழுந்தது. அவர் உயிரோடு மீண்டார். கட்டடத்தின் எஃகுச் சட்டம் தாங்கியது. திங்கட்கிழமை பல மாடிகளில் வேலை நடந்தது. பூகம்பம், தீ என்று கேட்பவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வது.

ராத்திரி உச்சி விளக்கு கலர் கலரா மாறுதே, மேலே இருந்தா தெரியுமா?

சரியாகத் தெரியாது. நீங்கள் விளக்குக்குள்ளேயே நிற்கிறீர்கள். 86இல் நிமிர்ந்தால் கூம்பின் அடிப்பகுதி நிறத்தோடு தெரியும், அது ஒன்றுதான். 2012இல் எல்.இ.டி. வந்த பிறகு எந்த நிறமும் நொடியில் மாறுகிறது. பறவைகள் வலசை போகும் பருவத்தில், மூடுபனி இரவுகளில் விளக்கை அணைத்துவிடுவதும் உண்டு. ஒளியில் திசை தப்பிக் கண்ணாடியில் மோதிவிடும் என்பதால்.

இதைவிட டாப் ஆஃப் த ராக் நல்லா இருக்கும்னு சொல்றாங்க. அங்கே இருந்து பார்த்தாதான் எம்பயர் ஸ்டேட்டே தெரியும்னு.

நியாயமான பேச்சுதான். ராக்பெல்லர் மையத்தின் 70ஆம் மாடியிலிருந்து தெற்கே இந்தக் கட்டடம் முழுசாகத் தெரியும், வடக்கே சென்ட்ரல் பார்க்கும் அங்கிருந்துதான் நன்றாக விரியும். எம்பயர் ஸ்டேட்டிலிருந்து பார்க்கைப் பார்க்க நினைத்தால் பாதியைப் புதுக் கட்டடங்கள் மறைத்துவிடும். ஹட்சன் யார்ட்ஸில் உள்ள எட்ஜ் இன்னும் கொஞ்சம் உயரமான திறந்தவெளி, கண்ணாடித் தரையும் உண்டு. புது உலக வர்த்தக மையக் கோபுரத்தில் உள்ள ஒன் வேர்ல்ட் மிக உயரம், ஆனால் முழுக்கக் கண்ணாடிக்குள்.

புகைப்படம் எடுப்பதுதான் நோக்கம் என்றால் ராக்பெல்லர். பிள்ளைகள் துள்ள வேண்டும் என்றால் எட்ஜ். நகரத்தின் நட்டநடுவில், நாலு பக்கமும் காற்றில் சுற்றி வர வேண்டும் என்றால் 86ஆம் மாடி. ஒரே பயணத்தில் இரண்டு உச்சிக்குப் பணம் கட்டுவது வீண் என்பது என் கட்சி. வீட்டில் ஒத்துக்கொள்வதில்லை.

ஒருதடவை கீழே இறங்கிட்டா அதே டிக்கெட்ல மறுபடி ஏறலாமா?

சாதாரண டிக்கெட்டில் முடியாது. ஆனால் மேலே எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். 102க்குப் போகிறவர்கள் முதலில் அதை முடித்துவிட்டு 86க்கு இறங்கி, பொழுது சாயும் வரை அங்கேயே இருக்கலாம். கழிப்பறைக்குப் போகிற வேலையை மட்டும் கீழேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள்.